ஆக்ஸ்போர்டில் "உம்" கொட்டிய குழந்தைகள்

பாட்டி கதை சொல்லும்போது நாம் "உம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கதை நின்றுவிடும். "என்னடா, தூங்கிட்டியா?" என்று இருட்டில் ஒரு குரல் வரும். பதில் வராவிட்டால், ஏழு கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் ராஜகுமாரன் அன்றைக்கு நாலாவது கடலிலேயே தங்க வேண்டியதுதான். மறுநாள் ராத்திரி "உம்" கேட்ட பிறகுதான் அவனுக்குக் கரை.

இந்த வழக்கம் நம் ஊர்த் திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் "உம்" கொட்டியிருக்கிறார்கள் என்று. அதுவும் எங்கே? ஆக்ஸ்போர்டில்! எண்ணூறு வருஷங்களுக்கு மேலாகப் பெரிய பெரிய படிப்பாளிகள் நடமாடி வரும் சர்வகலாசாலைப் பட்டணத்தில்!

பத்திரிகை வேலையாக லண்டன் போயிருந்தேன். நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. "பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாமல் ஆக்ஸ்போர்டுக்கு ஏன் ஐயா ரயில் ஏறினீர்?" என்று கேட்பீர்கள். காரணம் என் அக்கா.

புறப்படுவதற்கு முதல் நாள் அக்கா சொன்னாள்: "ஏண்டா, ஊர் ஊராப் போய் எழுதறே. உன் மருமாளுக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா? பாடப் புத்தகத்தைத் தவிர வேற ஒரு புத்தகத்தைத் தொடமாட்டேங்கறா. பாடப் புத்தகத்தையும் நான் பக்கத்துல உக்காந்தாத்தான் தொடறா. எந்நேரமும் அந்தப் போன்தான். வயசு பத்தாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வாண்டின் மூன்று பிறந்த நாளுக்கும் புத்தகம் வாங்கிக் கொடுத்த மாமா நான்தான். மூன்றும் நீதிக் கதைகள். மூன்றும் அலமாரியில் முதுகு மடங்காமல், கல்யாணப் பட்டுப் புடவை மாதிரி, புத்தம் புதிதாக இருந்தன. "ஏன் குட்டி படிக்கலை?" என்று ஒரு தடவை கேட்டேன். "கடைசி வரியைப் படிச்சாப் போதும் மாமா. எல்லாத்துலயும் அதேதான் போட்டிருக்கு" என்றாள். பத்திரிகை ஆசிரியர்கள் கூட இவ்வளவு சுருக்கமாக ஒரு புத்தகத்தைத் தள்ளுபடி செய்ததில்லை.

குழந்தைகளுக்கான மாயக் கதைகளில் முக்காலே மூணு வீசம் ஆக்ஸ்போர்டில் பிறந்தது என்று எங்கோ படித்த ஞாபகம். அந்தக் கணக்கு சற்று அதிகப்படிதான். ஆனாலும் போய்ப் பார்த்துவிடுவது என்று பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம்.

*

ஆக்ஸ்போர்டில் இறங்கியவுடன் கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நானும் போனேன். அது கிறைஸ்ட் சர்ச் கலாசாலை வாசலில் கொண்டுபோய் விட்டது. உள்ளே ஒரு கல் படிக்கட்டு, அகலமானது, மேலே விசிறி விரித்தாற்போல் செதுக்கிய கல் விதானம். ஹாரி பாட்டர் சினிமாவில் மந்திரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நிற்பது இந்தப் படிக்கட்டில்தான். கறுப்பு அங்கி மாட்டி, கையில் ஒரு குச்சியும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற குழந்தைகளைப் பார்க்க வேண்டுமே! நம் ஊரில் கிருஷ்ண ஜயந்திக்குக் கிருஷ்ணன் வேஷம் போட்ட பிள்ளைகளின் முகத்தில் இருக்குமே, அதே கௌரவம்.

மேலே இருக்கும் பெரிய போஜன மண்டபத்தில் படம் பிடிக்கவில்லை. அதே சாயலில் ஸ்டூடியோவில் வேறொன்று கட்டிக்கொண்டார்கள். வந்தவர்கள் யாரும் அதை லட்சியம் செய்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தது வேறு. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சிறுமி. எட்டு ஒன்பது வயதிருக்கும். செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். வரிசை நகர்ந்தபோதெல்லாம் அவள் அம்மா தோளைப் பிடித்துத் தள்ளினாள். பெண் ஓரடி நகர்ந்தாள். கண் மட்டும் நகரவில்லை. எந்தப் படிக்கட்டைப் பார்ப்பதற்காகக் கட்டணம் கட்டி வந்தாளோ அதை அவள் நிமிர்ந்து பார்த்தாளா என்பதே சந்தேகம்.

ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் அம்மாளுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் உள்ள சம்பந்தம் கொஞ்சம் வேடிக்கையானது. இளமையில் இங்கே படிக்க விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. பிற்பாடு கதையை எழுதி முடித்தபோது பன்னிரண்டு பிரசுரகர்த்தர்கள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1996-ல் ப்ளூம்ஸ்பரி கம்பெனி முதலாளி, கைப்பிரதியில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டு போய்த் தமது எட்டு வயதுப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் அதை முடித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்டு அப்பாவைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். 1997 ஜூன் 26-ந் தேதி புத்தகம் வெளியானபோது கெட்டி அட்டைப் பதிப்பில் போட்டது 500 பிரதிகள்தான். மூன்றே வருஷத்தில், 2000 ஜூலை 8-ல், நாலாவது பாகம் வந்தபோது நடு ராத்திரியில் கடை வாசல்களில் குழந்தைகள் க்யூ வரிசையில் நின்றார்கள். அந்தப் பாகம் 636 பக்கம்! "இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாலு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்கமாட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் அன்று ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

ஒரு குழந்தை கேட்டது. ஒரு புத்தகம் வந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

*

லண்டனில் தேம்ஸ் என்று ஓடுகிற அதே நதிக்கு ஆக்ஸ்போர்டில் ஐஸிஸ் என்று செல்லப் பெயர். ஃபாலி பாலம் என்று ஒரு பாலம். அதனடியிலிருந்து 1862 ஜூலை 4-ந் தேதி ஒரு படகு புறப்பட்டது. அதில் ஐந்து பேர். துடுப்புப் போட்டவர்கள் இரண்டு பாதிரிமார்கள். ஒருவர் டக்வொர்த். இன்னொருவர் கிறைஸ்ட் சர்ச்சில் கணக்கு வாத்தியாரான டாட்ஜ்ஸன்; பேச்சில் கொஞ்சம் திக்கு. மற்ற மூவரும் கலாசாலைத் தலைவர் லிடல் துரையின் பெண்கள்: பதின்மூன்று வயது லொரினா, பத்து வயது ஆலிஸ், எட்டு வயது ஈடித்.

லிடல் துரை சாமானியப்பட்டவரல்ல. கிரேக்க மொழிக்கு இங்கிலீஷில் மகா பெரிய அகராதி தயாரித்த இருவரில் ஒருவர். இன்றைக்கும் கிரேக்கம் படிக்கிறவர்கள் அந்த அகராதியைப் புரட்டாமல் இருக்க முடியாது. அப்படிப்பட்டவர் வீட்டுப் பெண்கள், படகில் ஏறியதும் கணக்கு வாத்தியாரிடம் கேட்டது என்ன தெரியுமா? "கதை சொல்லுங்கள்!"

நான் அந்தக் கரையோரமாகவே நடந்து போனேன். நகரம் பின்தங்கிவிடுகிறது. போர்ட் மெடோ என்று பரந்த மேய்ச்சல் நிலம். மாடுகளும் குதிரைகளும் யாரையும் கேட்காமல் தண்ணீரில் இறங்கி நிற்கின்றன. அக்கரையில் வரிசையாக மரங்கள். நம் காவேரிக் கரையை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். நம் கணக்குக்கு இது ஒரு பெரிய வாய்க்கால். ஆனால் மெள்ள ஓடுகிற தண்ணீர். துடுப்பை நிறுத்திவிட்டு யோசித்து யோசித்துக் கதை சொல்ல ஏற்ற தண்ணீர்.

டாட்ஜ்ஸனுக்கு முன்யோசனை ஒன்றும் இல்லை. கதாநாயகிக்கு ஆலிஸ் என்று பெயர் வைத்து அவளை ஒரு முயல் வளைக்குள் தள்ளிவிட்டார். அப்புறம் அவளை என்ன செய்வது என்பது அவருக்கே தெரியாது. பின்னால் அவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். நடுநடுவே "மீதி அப்புறம்" என்று நிறுத்திப் பார்த்தாராம். பெண்கள் விடவில்லை. அன்று பொன் வெயில் அடித்ததாக அவர் எழுதி வைத்திருக்கிறார். வானிலைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தவர்களோ, அன்றைக்கு மப்பும் மந்தாரமுமாக இருந்ததாகச் சொல்கிறார்கள். இந்தத் தகராறில் நான் வாத்தியார் கட்சி. "உம்" கொட்ட மூன்று பேர் இருந்தால் மழையிலும் வெயில் அடிக்கும்.

கரை திரும்பியபோது ஆலிஸ் ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டாள், இதை எழுதித் தர வேண்டும் என்று. எழுதினார். கையாலேயே 37 படமும் போட்டு, 1864 நவம்பரில் அவளுக்குக் கொடுத்தார். இதற்கிடையில் அந்தக் கைப்பிரதி சிநேகிதர் ஜார்ஜ் மக்டானல்டின் வீட்டுக்குப் போயிற்று. மக்டானல்டும் கதாசிரியர், வீடு நிறையக் குழந்தைகள். அம்மா வாசித்தாள். முடித்ததும் ஆறு வயதுப் பையன் ஒருவன், இந்த மாதிரி அறுபதினாயிரம் புத்தகம் இருந்தால் தேவலை என்று சொன்னானாம். அதற்கு மேல் என்ன நற்சாட்சிப் பத்திரம் வேண்டும்? 1865-ல், லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில், ஆலிஸின் அற்புத உலகம் அச்சாகி வந்தது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த புத்தகங்கள் பெரும்பாலும் நான் வாங்கிக் கொடுத்த ரகம்தான். பொய் சொன்ன பையன் கெட்டான், கீழ்ப்படிந்த பெண் சுகப்பட்டாள் என்கிற மாதிரி. ஆலிஸின் கதையில் ஒரு சீமாட்டி வருகிறாள். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு நீதியைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். மோவாயை ஆலிஸின் தோளில் குத்திக்கொண்டு சொல்லுவாள். அதைப் படித்தபோது, கூட்டத்தில் யாரோ என்னைக் கையைக் காட்டிச் சிரித்த மாதிரி இருந்தது.

படகு போய்ச் சேர்ந்த இடம் காட்ஸ்டோ. கன்னிமாடம் ஒன்றின் இடிந்த சுவர்கள் மட்டும் புல்லுக்கு நடுவே நிற்கின்றன. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து மணியைப் பார்த்தேன். மாலை நாலு. நம் ஊரில் ராத்திரி எட்டரை. வாண்டு படுக்கப் போகும் நேரம். செல்போனில் கூப்பிட்டேன். அவள் முகமும் என் முகமும் ஒருவருக்கொருவர் தெரிந்தன.

"எங்கே மாமா இருக்கே? பின்னாடி மாடு தெரியறது!"

மாட்டைக் காட்டினேன். ஆற்றைக் காட்டினேன். உன் வயசுப் பொண்ணு ஒருத்தி இந்த ஆத்துல படகுல வந்தா என்று ஆரம்பித்தேன். நீதியெல்லாம் சொல்லவில்லை. முயல் ஒன்று சட்டைப் பையிலிருந்து கடியாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஓடியதைச் சொன்னேன்.

"முயலுக்கு ஏது சட்டை?"

"போட்டிருந்ததே!"

"சரி. அப்புறம்?"

கேட்டீர்களா? அதுதான் "உம்"! மூன்று பிறந்த நாள் கொண்டுவந்து கொடுக்காத வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வளைக்குள் அந்தப் பெண் விழுந்தாள், விழுந்தாள், விழுந்துகொண்டே இருந்தாள் என்று கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, செல்போனில் சார்ஜ் தீர்ந்து போய்விட்டது!

*

மறுநாள் காலை அக்காவிடமிருந்து செய்தி. "என்னடா சொல்லித் தொலைச்சே? கீழே விழுந்தவள் பிழைச்சாளா இல்லையான்னு கேட்டு நேத்து ராத்திரி பூரா என் பிராணனை வாங்கிட்டா. நீயே கூப்பிட்டுச் சொல்லிடு."

நான் கூப்பிடவில்லை. தொடர்கதை போடும் பத்திரிகையில் வேலை பார்க்கிறவனுக்குத் "தொடரும்" என்ற வார்த்தையின் மகிமை தெரியாதா? "ஊருக்கு வரும்போது சொல்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டு, நார்த்மூர் ரோடுக்குப் புறப்பட்டேன்.

மரங்கள் அடர்ந்த அமைதியான தெரு. இருபதாம் நம்பர் வீட்டில் 1930 முதல் 1947 வரை குடியிருந்தவர் டோல்கீன். பழைய ஆங்கிலோ-ஸாக்ஸன் மொழிக்குப் பேராசிரியர். நாலு குழந்தைகள், சம்பளம் போதவில்லை, கோடை விடுமுறையில் பள்ளிப் பரீட்சைப் பேப்பர் திருத்திச் சம்பாதித்தார். அப்படித் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள், எந்தப் பையனோ ஒரு பக்கத்தை ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். அலுத்துப் போயிருந்த பேராசிரியர் அந்த வெற்றுப் பக்கத்தில் "ஹாபிட்" என்கிற, உலகத்திலேயே இல்லாத ஒரு பிராணியைப் பற்றி ஒரு வரி கிறுக்கினார். அந்தப் பையன் ஒழுங்காகப் படித்து அந்தப் பக்கத்தையும் எழுதித் தீர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் வெற்றுத் தாள் கொடுத்ததனால் உலகத்துக்கு இவ்வளவு லாபம் வேறு எப்போதும் கிடைத்ததில்லை. (இதைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். சுவரில் ஒரு நீல வட்டப் பலகை, அவ்வளவுதான். எதிர்சாரியில் சிறிது நேரம் நின்றேன். சாயங்கால வேளையில் அந்த வீட்டுக்குள் அப்பா கதை சொல்லப் பிள்ளைகள் கேட்டதை மனத்தால் பார்த்தேன். கடைக்குட்டிப் பையன் கிறிஸ்டோபருக்கு அப்போது நாலைந்து வயது. ஒரு நாள் நடுக் கதையில் குறுக்கிட்டு, "போன தடவை வாசற்கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள், குல்லாயில் குஞ்சம் தங்கம் என்றீர்கள், இப்போது வெள்ளி என்கிறீர்கள்" என்று ஆட்சேபித்தானாம். அப்பா எரிச்சலோடு முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்க் குறித்து வைத்துக்கொண்டாராம்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. பள்ளிக்கூடத்தில் குழந்தையைத்தான் எல்லோரும் திருத்துகிறார்கள். இல்லாத ஊரைப் பற்றிய கதையிலோ குழந்தை பேராசிரியரையே திருத்தலாம்! அந்த ஊர் இருவருக்கும் புதிது. வாசற்கதவின் நிறத்தைக் கவனித்து வைத்துக்கொள்கிறவனுக்கு, பாதி வழியில் அந்த வீட்டை விட்டு வர மனம் வருமா?

கதை எழுதி ஏறக்குறைய முடிந்து, ஜார்ஜ் ஆலன் அண்டு அன்வின் கம்பெனிக்குப் போயிற்று. முதலாளி ஸ்டான்லி அன்வினுக்கு ஒரு கொள்கை: குழந்தைப் புத்தகத்துக்குக் குழந்தையே நீதிபதி. கைப்பிரதியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். 1936 அக்டோபர் 30-ந் தேதி பையன் அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தான். ஐந்து முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பது தீர்ப்பு. பத்து வயதுப் பெரியவரல்லவா! கூலி ஒரு ஷில்லிங். 1937 செப்டம்பர் 21-ல் 1,500 பிரதிகள் அச்சாகி வந்தன. அந்த டிசம்பருக்குள் தீர்ந்துவிட்டன. இன்னும் ஹாபிட் கதை வேண்டும் என்று கேட்டதன் விளைவுதான் 1954, 1955 வருஷங்களில் மூன்று பாகமாக வந்த "மோதிரங்களின் தலைவன்". அதைத் துணிந்து போடச் சொன்னவர், வளர்ந்து பெரியவராகிக் கம்பெனியில் உட்கார்ந்திருந்த அதே ரேனர்!

டோல்கீனின் சிநேகிதர் ஸி. எஸ். லூயிஸின் ஊரான ஹெடிங்டன் குவாரிக்கு பஸ்ஸில் போய்வந்தேன். நார்னியா என்கிற மாய தேசத்தைப் பற்றி 1950 முதல் 1956 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஏழு புத்தகம் எழுதியவர் அவர். துணி அலமாரிக்குள் நுழைந்தால் அந்தப் பக்கம் பனி பெய்கிற காடு! அவர் சமாதி இருக்கும் சிறிய மாதாகோவிலில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. நார்னியாவின் சிங்கமும் மற்றப் பிராணிகளும் அதில் வெள்ளைக் கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சிறு வயதில் இறந்துபோன இரண்டு குழந்தைகளின் ஞாபகார்த்தமாக 1991-ல் வைத்தது. அதன் முன்னால் நெடு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வேடிக்கை. நார்னியா கதைகள் டோல்கீனுக்குப் பிடிக்கவே இல்லை. பல சமாசாரங்களைக் கதம்பமாகப் போட்டுக் குழப்பிவிட்டார் என்று குறை. பிற்காலத்து ஆக்ஸ்போர்டு எழுத்தாளர் பிலிப் புல்மனுக்கோ நார்னியா மீது கோபமே உண்டு. எழுத்தாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். புத்தகக் கடையில் மூவரும் ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். குழந்தைகள் மூவரையும் எடுத்துப் போகிறார்கள்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அறுபதினாயிரம் புத்தகம் கேட்ட பையன் வீட்டைப் பற்றிச் சொன்னேனே, அந்த மக்டானல்ட் எழுதிய மாயக் கதைகளைக் குழந்தைப் பருவத்தில் படித்தவர் டோல்கீன். லூயிஸ், பதினேழு வயதில், 1916-ல், ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் மக்டானல்டின் புத்தகம் ஒன்றைத் தற்செயலாக வாங்கி, அதனால் தம் மனமே மாறிப்போயிற்று என்று எழுதியிருக்கிறார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றின மாதிரி இது நடந்துகொண்டே வந்திருக்கிறது.

*

புல்மன் பெயரைச் சொல்லிவிட்டு அப்படியே விட முடியாது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். ஆக்ஸ்போர்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஹோமரின் காவியக் கதைகளைப் புத்தகம் பார்க்காமல் வாயாலேயே சொல்லிச் சொல்லித்தான் தமக்குக் கதை சொல்லும் வித்தை கைவந்தது என்கிறார். 1995-ல் வந்த அவருடைய "நார்தர்ன் லைட்ஸ்" கதையில் ஆக்ஸ்போர்டே வேறொரு ஆக்ஸ்போர்டாக வருகிறது. 1621-ல் ஏற்பட்ட தாவரத் தோட்டத்தின் கோடியில் ஒரு சாதாரண மர பெஞ்சு. அவருடைய கதையின் முடிவில் வருவது அந்த பெஞ்சு. உலகமெங்குமிருந்து வரும் வாசகர்கள் கதாபாத்திரங்களின் பெயரை அதில் கீறிவிட்டுப் போகிறார்கள். தோட்டக்காரர்களுக்குப் பாவம், தலைவலி. நான் உட்கார மட்டும் செய்தேன்.

இதே புல்மன் 2011 ஜனவரியில் ஆக்ஸ்போர்டில் ஒரு கூட்டத்தில் பேசினார். ஆக்ஸ்போர்டுஷயர் கௌன்ஸிலுக்குப் பணக் கஷ்டம். மாவட்டத்திலிருந்த 43 நூலகங்களில் 20-க்குப் பணம் கொடுப்பதை நிறுத்தப்போவதாகத் திட்டம். அதை எதிர்த்துத்தான் பேச்சு. லண்டன் பாட்டர்ஸீ பொது நூலகத்தில் சிறு பையனாகத் தாம் முதன் முதலில் அட்டை வாங்கியதையும், அங்கே மூமின் என்ற மாயப் பிராணிகளின் கதையைக் கண்டெடுத்ததையும் அவர் அதில் சொன்னார். ஊர்க்காரர்களின் எதிர்ப்பும் சேர்ந்து, திட்டம் மாற்றப்பட்டது. தொண்டர்கள் துணையோடு நூலகங்களைத் திறந்து வைப்பதென்று ஆயிற்று.

ஊரின் நடுவே பாட்லியன் என்ற பெரிய நூலகம் இருக்கிறது. 1602-ல் திறந்தது. அங்கிருந்து யாருக்கும் புத்தகம் வெளியே தரமாட்டார்கள். 1645-ல் சார்லஸ் மன்னர் ஒரு புத்தகம் கேட்டனுப்பினார். ராஜாவானாலும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மகத்தான நூலகம். பார்த்து வியந்தேன், கைகூப்பினேன். ஆனால் என் மனம் ஓடியது எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு. மர பெஞ்சு, சுற்றாத மின்விசிறி. அம்புலிமாமாவின் வேதாளம் எத்தனையாவது தடவையோ முருங்கை மரத்தில் ஏறியது அந்த பெஞ்சில் வைத்துத்தான். படித்து முடித்ததும் அடுத்த மாதப் புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்பேன். பாட்லியனில் ராஜாவுக்குக் கிடைக்காதது அங்கே அரைக்கால் சட்டைப் பையனுக்குக் கிடைத்தது.

*

பிராட் வீதியில் ப்ளாக்வெல் என்ற புத்தகக் கடை. வாசலைப் பார்த்தால் நம் ஊர் மளிகைக் கடை அகலம்தான். உள்ளே போய்ப் படியில் இறங்கினால், தரைக்கடியில் பிரம்மாண்டமான ஒரு கிணறு மாதிரி மண்டபம். மூன்று மைல் நீளத்துக்கு அலமாரிகளாம்! முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸ் வழியெல்லாம் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே போனாளே, அந்த ஞாபகம் வந்தது. ஆலிஸ் கதையில் படங்களோடு ஒன்று வாங்கினேன்.

ஊர் வந்ததும் ஒரு சங்கடம். புத்தகம் இங்கிலீஷ், அதுவும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட இங்கிலீஷ். வாண்டுக்குப் பாதி புரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிச் சொல்லி இரண்டு அத்தியாயம் கொண்டுபோனேன். விழுந்தவள் பிழைத்தாள் என்றதும் ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள்! அதற்குள் ஆபீசில் மலர் வேலை வந்து சேர்ந்தது. இருபது நாள் அக்கா வீட்டுப் பக்கமே போக முடியவில்லை. அவ்வளவுதான், புத்தகம் நீதிக் கதைகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா அடுப்படியிலிருந்து, "மார்க் ஒண்ணும் ஏறலைடா. கணக்குல இன்னும் கீழே போயிருக்கா" என்றாள். வாண்டு கூடத்தில் குப்புறப் படுத்திருந்தாள். எதிரே புத்தகம், முதுகு நன்றாக மடங்கி, ஓரத்தில் சாம்பார்க் கறை. பக்கத்தில் அக்காவின் பழைய அகராதி. ஏழாவது அத்தியாயத்தில் இருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம் என்று அவளாகவே நகர்ந்து வந்திருக்கிறாள்.

"மாமா, ட்ரீக்கிள்னா என்ன?"

ஏழாவது அத்தியாயத்தில் தூங்குமூஞ்சிச் சுண்டெலி ஒன்று கதை சொல்கிறது: ட்ரீக்கிள் கிணற்றின் அடியில் மூன்று அக்கா தங்கைகள் வசித்தார்களாம். ஆக்ஸ்போர்டுக்குப் பக்கத்தில் பின்ஸி என்ற கிராமத்து மாதாகோவிலில் அந்தக் கிணற்றை நானே எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் காலத்தில் ட்ரீக்கிள் என்றால் மருந்து. நோய் தீர்க்கும் தண்ணீர் என்று ஜனங்கள் தேடி வந்த கிணறு. இப்போது அந்த வார்த்தைக்குப் பாகு என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டுதான் டாட்ஜ்ஸன் விளையாடியிருக்கிறார். இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்லலாமென்று தொண்டையைக் கனைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெல்லப் பாகு" என்றேன்.

"கிணறு பூராவுமா?"

"கிணறு பூராவும்."

வாண்டு விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்போ எறும்பு வராதா, மாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.